காரீயச் சர்க்கரை: ஆய்வுக்கூடத்தில் ஓர் உப்பின் தொழிலும் தமிழில் அதன் பெயரும்

முன்னுரை

அறிவியல் நூல்களைத் தமிழில் ஆக்குவோர்க்கு முதற்கண் வேண்டுவது சொல்வளம் என்று பலரும் கருதுவர். சொல்வளம் வேண்டுவதே, ஆயின் அதற்கும் முற்பட வேண்டுவது பொருளறிவு. ஒரு பொருள் எங்கே, எவ்வாறு, எதன்பொருட்டுப் பயன்படுகின்றது என்பதை அறியாமல் அதற்குப் பெயரிடப் புகுவோமாயின், அப்பெயர் படிப்போரை மயக்கும். சிற்சில இடங்களில் அவர்தம் உடலுக்கே ஊறு விளைக்கவும் கூடும். இதற்குச் சான்றாகக் காரீய உப்பு ஒன்றினை எடுத்துக்கொண்டு, வேதியியல், உயிரியல் ஆய்வுக்கூடங்களில் அஃது ஆற்றும் தொழிலை விளக்குவதும், அவ்விளக்கத்தின் துணைகொண்டு அதன் தமிழ்ப் பெயர் எவ்வாறு அமைதல் வேண்டும் என ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அவ்வுப்பு காரீய அசிட்டேட்டு. இனிப்புச் சுவை உடைமையால் மேலைநாட்டார் அதனை நெடுங்காலமாகக் காரீயச் சர்க்கரை என்னும் பொருள்படும் பெயரால் வழங்கி வந்தனர். அதனோடு உறவுடைய காரீய நைட்ரேட்டு, காரீய சிட்ரேட்டு ஆகியனவும் வேண்டுமிடத்து ஈண்டுப் பேசப்பெறும்.

ஈயமும் காரீயமும்

தமிழில் ஈயம் என்பது பொதுச்சொல். கருமை சேர்ந்தது காரீயம். வெண்மை சேர்ந்தது வெள்ளீயம். நிறத்தால் வேறுபட்ட ஒரே பொருளின் இரு வகைகளே போல இப்பெயர்கள் தோன்றினும், இவை இரு வேறு தனிமங்கள். வெள்ளீயத்தின் அணு எண் 50. காரீயத்தின் அணு எண் 82. இவ்வாறு பெயரிட்டவர் தமிழர் மட்டும் அல்லர். பண்டை உரோமரும் பிளம்பம் என்னும் ஒரே சொல்லோடு கருமை, வெண்மை என்னும் அடைகளைச் சேர்த்தே இவ்விரண்டினையும் வேறுபடுத்தினர். கி.பி. முதல் நூற்றாண்டினரான பிளினி தம் இயற்கை வரலாற்று நூலில் இப்பாகுபாட்டினைக் குறித்துள்ளார். ஓசையால் தொடர்பில்லாத இரு மொழிகள் ஒரே நெறியில் சென்றமை நினைவிற்கொள்ளத் தக்கது. உருகும் இயல்பாலும் மென்மையாலும் ஒத்த இரு மாழைகளைக் கண்ணால் கண்டோர் நிறத்தால் பிரித்தனர் என்பதே இதன் காரணமாகலாம்.

அடையின்றி வழங்கும்பொழுது எந்த ஈயத்தைக் குறிக்கின்றோம் என்பதே சிக்கல். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுதல் என்னும் தொடரிலும், சாறு வைக்கும் ஈயச் சொம்பு என்னும் தொடரிலும் ஈயம் என்பது வெள்ளீயமே. வேதியியல் நூலில் அச்சொல்லையே அடையின்றி ஆளின் அது காரீயமாகிவிடுகிறது. அடுக்களையில் உணவுக்கு இசைந்ததாக நாம் அறிந்த பெயர், ஆய்வுக்கூடத்தில் நஞ்சின் பெயராகிறது. இச்சிக்கலை முடிவுரையில் மீண்டும் காண்போம். முன்னதாக, அவ்வுப்பு யாது செய்கிறது என அறிதல் வேண்டும்.

உப்பின் இயல்பு

நம் மருத்துவ நூல்கள் மிருதாரசிங்கி எனக் குறிக்கும் காரீய ஆக்சைடினை அசிட்டிக் அமிலத்தில் கரைத்து, அக்கரைசலைப் படிகமாக்கினால் காரீய அசிட்டேட்டு கிடைக்கும். படிகத்தின் ஒவ்வொரு மூலக்கூறும் மூன்று நீர் மூலக்கூறுகளைத் தாங்கியிருக்கும். நிறமற்றது, நீரில் எளிதிற் கரைவது.

இவ்வெளிய கரைதிறனே இதன் சிறப்புக்கெல்லாம் அடிப்படை. காரீயத்தின் உப்புக்களுள் மிகப் பல நீரிற் கரையாதவை. அதன் சல்பைடு, சல்பேட்டு, கார்பனேட்டு, பாஸ்பேட்டு, குரோமேட்டு ஆகிய யாவும் வீழ்படிவாக அடியில் தங்குவன. நன்கு கரைவன என எடுத்துச் சொல்லத்தக்கவை அசிட்டேட்டும் நைட்ரேட்டுமே. ஆகவே, இவற்றுள் ஒன்றனைக் கரைசலாக்கி ஓர் ஆய்பொருளோடு சேர்த்தால், காரீயம் தனக்கு உவந்த துணையைக் கண்டவுடன் அதனைப் பற்றிக்கொண்டு கரைசலைவிட்டு வெளியேறும். அவ்வாறு வெளிப்பட்ட படிவினைக் கண்டு, அங்கே இருந்த துணை இன்னது என ஆய்வாளர் உணர்வர். கந்தகமே காரீயம் பெரிதும் விரும்பும் துணை.

கரைசல் செய்வோர் அறிந்திருக்க வேண்டுவது ஒன்று உண்டு. காற்றிலும் நீரிலும் உள்ள கரியமில வாயு இவ்வுப்பினைச் சிறிது சிறிதாகக் கார்பனேட்டாக்கிக் கரைசலைக் கலங்கச் செய்யும். அதனால் கொதிக்கவைத்து ஆறிய நீரில், சில துளி அசிட்டிக் அமிலம் சேர்த்துக் கரைப்பது மரபு.

காட்டுதல்: கந்தகத்தின் சான்று

காரீய அசிட்டேட்டுக் கரைசலில் வடிதாளை நனைத்து உலர்த்தி வைத்துக்கொள்வது வேதியியல் ஆய்வுக்கூடங்களில் பழைமையான வழக்கம். ஹைட்ரஜன் சல்பைடு என்னும் வாயு அத்தாளின்மேற் படுமாயின், வெண்டாள் பழுப்பாகிப் பின் கருமையுறும். கருமைக்குக் காரணம் காரீய சல்பைடு. இவ்வாயு அழுகிய முட்டையின் நாற்றம் உடையது. எனினும் நாற்றத்தை மட்டும் நம்புதல் தீது. செறிவு மிகுந்தவிடத்து மூக்கு உணர்விழந்துவிடும். தாள் அவ்வாறு ஏமாற்றுவதில்லை.

இப்பண்பு மறுதலையாகவும் பயன்படுகிறது. ஒரு பொருளில் ஆர்சனிக்கு உளதா எனச் சோதிக்கும் முறை ஒன்றில், ஆர்சனிக்கினை ஆர்சீன் என்னும் வாயுவாக மாற்றி, பாதரச புரோமைடு பூசிய தாளின்மீது செலுத்துவர். ஆர்சீனோடு ஹைட்ரஜன் சல்பைடும் கலந்துவரின் அத்தாளில் பொய்யான கறை தோன்றும். அதனைத் தடுப்பதற்காக, வாயு செல்லும் குழாயில் காரீய அசிட்டேட்டில் நனைத்த பஞ்சினை வைப்பர். பஞ்சு கந்தக வாயுவைப் பற்றிக்கொள்ள, ஆர்சீன் மட்டும் கடந்து செல்லும். ஈண்டுக் காரீயம் வாயில்காப்போன் போல் நிற்கிறது எனலாம்.

புரத ஆராய்ச்சியிலும் இதே வினை உதவுகிறது. ஒரு புரதத்தைச் சோடியம் ஹைட்ராக்சைடோடு சேர்த்துக் கொதிக்கவைத்து, காரீய அசிட்டேட்டினைச் சிறிது இடின், சிஸ்டீன், சிஸ்டைன் என்னும் அமினோ அமிலங்களில் உள்ள கந்தகம் விடுபட்டுக் கருமை தோன்றும். முட்டையின் வெண்கருவும் மயிரும் இச்சோதனையிற் கறுக்கும். மெத்தியோனின் என்னும் அமினோ அமிலமும் கந்தகம் உடையதே. ஆயினும் அதன் கந்தகம் இவ்வாறு எளிதில் விடுபடுவதில்லை. எனவே இச்சோதனை, கந்தகம் உளதா என்பதோடு, அஃது எவ்வகைப் பிணைப்பில் உளது என்பதையும் ஓரளவு தெரிவிக்கின்றது.

நுண்ணுயிரியலில் இதன் தொழில் இன்னும் சுவையானது. குடற்காய்ச்சல் வகையைத் தோற்றுவிக்கும் பாக்டீரியங்கள் நுண்ணோக்கியில் ஒன்றுபோலவே தோன்றும். அவற்றுள் சில, தம் உணவிலுள்ள கந்தகப் பொருளைச் சிதைத்து ஹைட்ரஜன் சல்பைடினை வெளிவிடும். வேறு சில விடுவதில்லை. பாராட்டைபாய்டு 'பி' வகை இவ்வாயுவினை ஆக்கும். 'ஏ' வகை பொதுவாக ஆக்குவதில்லை. காரீய அசிட்டேட்டுக் கலந்த அகார்க் கூழில் இவற்றை வளர்த்தால், முன்னது கூழினைக் கறுக்கச் செய்யும், பின்னது செய்யாது. கிளிக்ளர் என்பார் 1917-ஆம் ஆண்டில் அமைத்த வளர்ப்பூடகம் இவ்வுப்பினையே கொண்டிருந்தது. ஆயினும் காரீயம் நுண்ணுயிர்க்கும் நஞ்சாதலின், அளவு மிகுந்தால் சான்று சொல்ல வேண்டிய உயிரே மடிந்துவிடும். அதனால் உப்பினைக் கூழில் மிகச் சிறிதளவே சேர்த்தல், அல்லது காரீயத் தாளைக் குழாயின் வாயில் கூழினைத் தொடாவண்ணம் தொங்கவிடுதல் என்னும் முறைகள் தோன்றின. பிற்காலத்தே காரீயத்துக்கு மாற்றாக இரும்பு உப்புக்கள் இடம்பெற்றன. இன்று அப்பெயரால் வழங்கும் ஊடகத்தில் கருமை தருவது இரும்பு சல்பைடே.

பிரித்தல்: சாற்றிலிருந்து தனிப்பொருள்

தாவரச் சாறு பல பொருள்களின் கலவை. அதனின்று ஒன்றனைத் தூய்மையாகப் பிரித்தெடுத்தல் பண்டை வேதியியலறிஞர்க்குப் பெருஞ்சிக்கலாக இருந்தது. சுவீடன் நாட்டு அறிஞர் ஷீலே 1785-ஆம் ஆண்டில் ஆப்பிள் சாற்றினின்று மாலிக் அமிலத்தைப் பிரித்தபொழுது, அவ்வமிலத்தைக் காரீய உப்பாக வீழ்த்திப் பின் கந்தக அமிலத்தால் விடுவித்தார். அவ்வமிலத்தின் சுண்ண உப்பு நீரிற் கரைவதாக இருந்தமையால், எலுமிச்சைச் சாற்றின் அமிலத்துக்கு அவர் கையாண்ட சுண்ண முறை ஈண்டு உதவவில்லை. காரீயமே கைகொடுத்தது.

அந்நாள் முதல் தாவர வேதியியலில் இஃது ஒரு பொது நெறியாயிற்று. சாற்றோடு காரீய அசிட்டேட்டினைச் சேர்த்தால், துவர்ப்புப் பொருள்களும் கரிம அமிலங்களும் புரதங்களும் நிறப்பொருள்களுட் பலவும் வீழ்படியும். சர்க்கரைகளும் வேறு சில பொருள்களும் கரைசலிலேயே தங்கும். படிவினை நீரில் கலக்கி ஹைட்ரஜன் சல்பைடினைச் செலுத்தினால், காரீயம் தன் பழைய துணையைக் கைவிட்டுக் கந்தகத்தைச் சேர்ந்து கறுத்து வீழ, விரும்பிய பொருள் நீரில் விடுபடும். பற்றவைத்தற்கும் விடுவித்தற்கும் ஒரே மாழையின் இயல்பு பயன்பட்டமை காண்க.

கரும்பு ஆராய்ச்சியிலும் இம்முறை நெடுங்காலம் நின்றது. கரும்புச் சாற்றிலுள்ள சர்க்கரையின் அளவை, ஒளியின் தளத்தை அஃது எவ்வளவு திருப்புகிறது என்பதைக்கொண்டு கணிப்பர். சாறு நிறமும் கலங்கலும் உடையதாயின் ஒளி ஊடுருவாது. காரமிகு காரீய அசிட்டேட்டினை இட்டு வடிகட்டினால் சாறு தெளியும், அளவிடல் எளிதாம். எனினும் நாள்தோறும் பெருகும் காரீயக் கழிவு ஆய்வுக்கூடத்தாரை அச்சுறுத்தியது. ஆதலின் காரீயமற்ற தெளிவூட்டிகளும், நிறமுள்ள சாற்றிலும் ஊடுருவும் அகச்சிவப்பு அண்மையொளிக் கருவிகளும் இன்று பல இடங்களில் இதன் இடத்தைப் பெற்றுவிட்டன.

நிழல் செய்தல்: உயிரணுவின் உள்ளுறுப்புக்கள்

இருபதாம் நூற்றாண்டில் காரீய உப்பு உயிரணுவின் உள்ளே புகுந்தது. ஜார்ஜ் கொமோரி என்பார் 1941-ஆம் ஆண்டில், திசுவில் அமில பாஸ்பட்டேசு என்னும் நொதி உள்ள இடத்தைக் காட்டும் முறை ஒன்றினை வெளியிட்டார். திசுவின் மெல்லிய சீவலை, பாஸ்பேட்டுச் சேர்மம் ஒன்றும் காரீய உப்பும் கலந்த கரைசலில் இடுவர். நொதி உள்ள இடத்தில் சேர்மம் சிதைந்து பாஸ்பேட்டு வெளிப்படும். வெளிப்பட்ட அவ்விடத்திலேயே காரீயம் அதனைப் பற்றிக் கரையா உப்பாகப் படியவைக்கும். அப்படிவு நிறமற்றது. பின்னர் அம்மோனியம் சல்பைடில் இட, அது காரீய சல்பைடாகிக் கறுக்கும். கரும்புள்ளி தோன்றிய இடமே நொதியின் இருப்பிடம்.

கிறிஸ்தியான் தெ துய்வ் என்னும் பெல்சிய அறிஞர் உயிரணுவைச் சிதைத்து ஆய்ந்த வேதியியற் சோதனைகளால், செரிமான நொதிகளை அடக்கிய நுண்பைகள் உள என உய்த்துணர்ந்து, 1955-இல் அவற்றுக்கு இலைசோசோம் எனப் பெயரிட்டார். கல்லீரல் உயிரணுக்களில் அப்பைகள் இன்னவை என மின்னணு நுண்ணோக்கியில் நேரிற் காட்டுதற்குக் கொமோரியின் காரீய முறையை எஸ்னரும் நோவிக்காப்பும் 1961-இல் கையாண்டனர். மின்னணு நுண்ணோக்கிக்குச் சல்பைடாக்கும் படிகூட வேண்டியதில்லை. காரீயப் படிவே நிழலாகத் தோன்றும்.

நிழலாகத் தோன்றுவதன் காரணத்தை இங்கே விளக்குதல் தகும். உயிர்ப்பொருளின் பெரும்பகுதி கரி, ஹைட்ரஜன், நைட்ரஜன், ஆக்சிஜன் என்னும் எளிய அணுக்களால் ஆயது. கரியின் அணு எண் 6, ஆக்சிஜனுடையது 8. இத்தகைய மெல்லணுக்கள் மின்னணுக் கற்றையைச் சிறிதே சிதறச் செய்வதால், சாயமிடாத திசு நுண்ணோக்கியில் வெளிறியே தோன்றும். காரீயத்தின் அணு எண் 82. அதன் கனத்த அணு படிந்த இடம் மின்னணுக்களை மிகுதியாகச் சிதறடித்துக் கருநிழலாகும்.

ஆயினும் இதற்கும் ஓர் இடையூறு இருந்தது. காரமான காரீயக் கரைசல்கள் காற்றின் கரியமில வாயுவைப் பற்றிக் கார்பனேட்டுத் துகள்களைச் சீவலின்மேற் சிதறிவிடும். காணவேண்டிய உறுப்பைத் துகள் மறைக்கும். ரெனால்ட்ஸ் என்பார் 1963-இல் இதற்கு ஒரு வழி கண்டார். காரீய நைட்ரேட்டோடு சோடியம் சிட்ரேட்டினைச் சேர்த்துக் காரீய சிட்ரேட்டாக்கி, பின் சோடியம் ஹைட்ராக்சைடால் பி.எச். அளவு ஏறத்தாழ 12 ஆகுமாறு செய்தார். சிட்ரேட்டு காரீயத்தை அணைத்துக்கொண்டு வீணே படியாமற் காத்தது; திசுவின் ஈர்ப்புடைய இடங்களில் மட்டுமே அதனை ஒப்புவித்தது. சாயமிடும் கலத்தினுள் சோடியம் ஹைட்ராக்சைடுத் துண்டுகளை வைத்துக் கரியமில வாயுவை உறிஞ்சச் செய்வதும் வழக்கமாயிற்று. யுரேனியச் சாயத்தின் பின் காரீய சிட்ரேட்டு இடும் இம்முறை உயிரணுச் சவ்வுகளையும் இரைபோசோம் என்னும் நுண்மணிகளையும் தெளிவுறக் காட்டுவது. உயிரியல் ஆய்வாளர் மிகுதியாக மேற்கோள் காட்டும் கட்டுரைகளுள் ரெனால்ட்சின் கட்டுரையும் ஒன்று.

அறுத்தல்: ஆர்.என்.ஏ. இழையில் ஒரு கத்தரி

பிற்கால ஆராய்ச்சி காரீயத்தின் இன்னொரு தொழிலைக் கண்டது. காரீய அயனிகள் ஆர்.என்.ஏ. இழையை அறுக்க வல்லவை. நொதியத்தின் பினைல் அலனின் ஏந்தும் இடமாற்று ஆர்.என்.ஏ.வில் 76 உறுப்புக்கள் உள. காரீயம் அதனைக் கண்டவிடமெல்லாம் அறுப்பதில்லை; 17, 18-ஆம் உறுப்புக்களின் இடையே தனிச்சிறப்பாக அறுக்கிறது. கேம்பிரிட்சில் ஆரன் குளூக்கு முதலியோர் 1983-இல் வெளியிட்ட படிக ஆய்வு இதன் காரணத்தைக் காட்டியது. மடிந்த இழையின் ஒரு பொதிவில் காரீய அயனி பொருந்தி அமர்கிறது. அதனோடு இணைந்த ஹைட்ராக்சில் தொகுதி அருகிலுள்ள சர்க்கரையினின்று ஒரு புரோட்டானைப் பறிக்கிறது. அதனால் இழை அறுகிறது. மடிப்பு மாறின் பொதிவு மாறும்; பொதிவு மாறின் அறுபடுமிடமும் மாறும். ஆகவே அறுபட்ட இடங்களைக்கொண்டு இழையின் வடிவத்தை அறியும் முறை தோன்றியது. காரீய அசிட்டேட்டு பாக்டீரியத்தின் உள்ளும் புகும் ஆதலின், உயிரோடுள்ள அணுவிலேயே ஆர்.என்.ஏ.வின் வடிவை ஆராய இயலும் என 2002-இல் காட்டப்பெற்றது.

பிரேக்கரும் ஜாய்சும் 1994-இல், டி.என்.ஏ.வும் நொதியாகத் தொழிற்படலாம் என முதன்முதலில் மெய்ப்பித்தனர். அவர்கள் ஆக்கிய டி.என்.ஏ. நொதி, ஆர்.என்.ஏ. பிணைப்பை அறுப்பதற்குத் துணையாக வேண்டியது காரீய அயனியே. காரீயம் இருந்தால் அறுக்கும், இல்லையேல் வாளாவிருக்கும். இதனைக்கொண்டு 2000-ஆம் ஆண்டில் லீ, லு என்னும் இருவர் காரீயத்தையே கண்டறியும் உணர்வி ஒன்றினை அமைத்தனர். பிறபொருளின் இருப்புக்குச் சான்று பகர்ந்த காரீயம், ஈண்டுத் தன் இருப்புக்குத் தானே சான்றாயிற்று.

பயனும் நஞ்சும் ஒரே பண்பு

மேற்கூறிய தொழில்களை ஒருங்கு நோக்கின் ஒரு செய்தி புலனாகும். கந்தகத்தைப் பற்றுதல், பாஸ்பேட்டினைப் பற்றுதல், ஆர்.என்.ஏ.வின் பொதிவிற் புகுதல் ஆகிய இவையே காரீயத்தின் ஆற்றல்கள். ஆய்வுக்குழாயில் இவை பயன். உடலினுள்ளோ இவையே நஞ்சு. குருதியின் செந்நிறப்பொருளை ஆக்கும் நொதிகளுள் ஒன்று, தன் கந்தகங்களின் இடையே துத்தநாக அணு ஒன்றனைத் தாங்கியுள்ளது. காரீயம் அத்துத்தநாகத்தைத் தள்ளி அவ்விடத்தே அமர்கிறது, நொதி தொழிலொழிகிறது. வெண்டாளைக் கறுப்பித்த அதே கந்தகப் பற்று, குருதியாக்கத்தைத் தடுக்கிறது. பாஸ்பேட்டுப் பற்றால் எலும்பிற் சென்று படிந்து பல்லாண்டு தங்குகிறது. குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்கு அது செய்யும் கேடு பெரிது. தீங்கற்றது எனக் கூறத்தக்க அளவு எதுவும் கண்டறியப்படவில்லை என உலக நலவாழ்வு அமைப்பு தெரிவிக்கிறது.

இந்நஞ்சு இனிப்பது என்பது கேட்டினை மிகுவிக்கிறது. உரோமர் திராட்சைச் சாற்றைக் காரீயக் கலங்களிற் காய்ச்சி இனிய பாகு செய்தனர். பாகிற் கலந்த இனிமையில் ஒரு பகுதி இவ்வுப்பினுடையது. நாவும் நிறமும் இதனைச் சர்க்கரை என்றே கூறும்; பெயர் ஒன்றே எச்சரிக்க வல்லது. இதனால்தான் ஆய்வுக்கூடத்தில் இதனைக் கையுறையோடு எடுத்தலும், தூள் பறவாமல் நிறுத்தலும், கழிவினைத் தொட்டியில் ஊற்றாமல் தனிக்கலத்தில் சேர்த்தலும் கடமைகளாகின்றன.

முடிவுரை: பெயர் வரையறை

பெயரே காவல் எனின், அப்பெயர் ஐயத்துக்கு இடமளித்தல் ஆகாது. தமிழ் வழங்கும் இரு நாடுகளின் வழக்கினை ஈண்டு ஒப்பிடுதல் வேண்டும். தமிழ்நாட்டு அறிவியல் நூல்களில் காரீயம் என்பது அணு எண் 82 உடைய மாழை. இலங்கைத் தமிழ் வழக்கிலோ அம்மாழை ஈயம் எனப்படும். காரீயம் என்னும் சொல் பென்சிலில் இடம்பெறும் கரியின் வகையைக் குறிக்கும். போகலைக் காரீயச் சுரங்கம் என்பதில் வெட்டியெடுக்கப்படுவது இக்கரியே. அவ்வழக்கினைப் பிழை எனத் தள்ளுதற்கில்லை. கரிய ஈயம் என்னும் பொருளுடைய பெயரையே ஆங்கிலேயரும் அக்கரிக்கு வழங்கினர். எழுதின் கருங்கோடு இடும் ஒற்றுமையே காரணம்.

விளைவு யாதெனின், காரீயம் என்ற ஒரு சொல்லே ஒரு கரையில் கொடிய நஞ்சினையும் மறுகரையில் தீங்கற்ற கரியினையும் சுட்டுகிறது. ஈயம் என்ற சொல்லோ ஒரு கரையின் அடுக்களையில் சாறு வைக்கும் கலத்தையும், மறுகரையின் வேதியியலில் நஞ்சினையும் சுட்டுகிறது. ஒரு கரையின் நூலை மறுகரையின் மாணவர் படிக்கும் இந்நாளில் இஃது ஏட்டளவிலான மயக்கமாக நின்றுவிடாது.

இதற்குத் தீர்வாக ஒரு வழக்கை ஒழித்து மற்றொன்றை நாட்டுதல் இயலாது, வேண்டியதும் அன்று. கலைச்சொல் அகராதியிலும் பாடநூலிலும் இச்சொற்கள் முதன்முறை வருமிடத்து அணு எண்ணையும் உடன் குறித்தல் போதும். கரி 6, வெள்ளீயம் 50, காரீயம் 82 என எண் நின்றால் எக்கரை வழக்காயினும் பொருள் திரியாது. வேதியியற் கூட்டுப்பெயர்களில் அடையற்ற ஈயம் என்பதைத் தமிழ்நாட்டு நூல்கள் அறவே நீக்குதல் நன்று. புட்டியின் மேலொட்டும் சீட்டில் 'காரீய அசிட்டேட்டு, 82, நஞ்சு' என எழுதுதல் வேண்டும். காரீயச் சர்க்கரை என்னும் பெயர் வரலாற்றுப் பக்கங்களில் நிற்கலாம். புட்டியின்மேல் நிற்றல் கூடாது.

வடிதாளின் கருமையும் உயிரணுவின் நிழலும் ஆய்வாளர்க்குச் சான்றாவன, அவை ஒன்றனையே ஐயமறச் சுட்டுதலால். கலைச்சொல்லுக்கும் அவ்விலக்கணமே வேண்டப்படுகிறது. இவ்வுப்பின் தொழிலை அறிந்த பின் அதற்குப் பெயரிடுவோர் அவ்விலக்கணத்தினின்று வழுவார் என்பது துணிபு.